ஒரே தலைப்பு, மூன்று நாவல்கள்: பழைய புத்தகம் தேடுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கும் வாசகர்களுக்கும், அவர்கள் கூடிப் பேசும் வாசகர் வட்டங்களுக்கும்,

ராபர்ட் ட்ரெஸ்ஸலின் 'தி ராகட் டிரவுசர்ட் ஃபிலாந்த்ரபிஸ்ட்ஸ்' என்ற ஆங்கில நாவல் மூன்று அளவுகளில் அச்சாகியிருக்கிறது. ஆசிரியர் தம் கையால் எழுதியது சுமார் இரண்டரை லட்சம் சொற்கள். 1914இல் முதன்முதலாக அச்சேறியபோது அதில் ஒரு லட்சம் சொற்கள் வெட்டப்பட்டிருந்தன. 1918இல் வந்த மலிவுப் பதிப்பில் எஞ்சியவை சுமார் 90,000. முழு நாவல் வெளிவர 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூன்றுக்கும் தலைப்பு ஒன்றுதான். கையில் எடுத்த பிரதி இவற்றில் எது என்று பார்க்காமல் வாங்கும் வாசகர், படித்து முடித்த பின் ட்ரெஸ்ஸல் எழுதாத ஒரு முடிவை ட்ரெஸ்ஸலின் முடிவாக நினைவில் வைத்துக்கொள்ளக்கூடும். 1914இன் நாவல் ஒரு தொழிலாளி குடும்பத்தோடு சாகலாமா என்று எண்ணும் இடத்தில் நிற்கிறது. ஆசிரியர் எழுதிய நாவல் அங்கே முடியவில்லை.

தலைப்பைத் தமிழில் 'கந்தல் கால்சட்டைக் கொடையாளர்கள்' எனலாம். கொடையாளர்கள் என்று நாவல் அழைப்பது பணக்காரர்களை அல்ல. தம் உழைப்பின் பெரும்பகுதியை முதலாளிக்குக் கொடுத்துவிட்டு, கிழிந்த கால்சட்டையோடு வீடு திரும்பும் பெயிண்டர்களையும் தச்சர்களையும் எடுபிடி ஆட்களையும் அது அப்படி அழைக்கிறது.

ட்ரெஸ்ஸல் என்பது புனைபெயர். பெயிண்டர்கள் பலகை போட்டு வேலை செய்யப் பயன்படுத்தும் தாங்குசட்டத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்தது. ஆசிரியரின் புழக்கப் பெயர் ராபர்ட் நூனன். 1870இல் டப்ளினில் பிறந்து, இளம் வயதிலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போய், கேப் டவுனிலும் ஜோஹன்னஸ்பர்கிலும் பெயிண்டராகப் பிழைத்தவர். மணவாழ்க்கை முறிந்த பின் மகள் கேத்லீனை அழைத்துக்கொண்டு, இருபதாம் நூற்றாண்டு பிறந்த சிறிது காலத்தில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்ஸ் நகரத்துக்கு வந்தார். அங்கே கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் கூலிக்குச் சுவருக்கு வண்ணம் பூசினார், கடைப்பலகை எழுதினார், கூரைகளிலும் சுவர்களிலும் அலங்கார ஓவியம் தீட்டினார். 1906இல் 'சோசியல் டெமாக்ரடிக் ஃபெடரேஷன்' என்ற சோசலிச அமைப்பின் உள்ளூர்க் கிளையில் சேர்ந்தார். வேலை முடிந்த இரவுகளில் எழுதிய நாவல் 1910 வாக்கில் நிறைவடைந்தது. கையெழுத்துப் பிரதி ஆயிரத்து அறுநூறு பக்கத்தை ஒட்டி வந்தது.

மூன்று பதிப்பகங்கள் ஏற்க மறுத்தன. மனமுடைந்த நூனன் கையெழுத்துப் பிரதியை எரித்துவிட முனைந்தார். கேத்லீன்தான் காப்பாற்றினார், தகரப் பெட்டி ஒன்றில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கனடாவுக்குக் குடிபெயரும் எண்ணத்தில் நூனன் 1910இல் லிவர்பூல் போனார். ஏற்கெனவே காசநோய் பிடித்திருந்தது. 1911 பிப்ரவரி 3 அன்று அந்நகர மருத்துவமனையில் இறந்தபோது வயது நாற்பது. ஏழைகளுக்கான குழியில் வேறு பன்னிரண்டு பேரோடு புதைக்கப்பட்டார். அந்தக் குழி இருந்த இடமே 1970இல்தான் கண்டறியப்பட்டது.

நாவல் நடக்கும் ஊரின் பெயர் மக்ஸ்பரோ. அது பெயர் மாற்றிய ஹேஸ்டிங்ஸ். ரஷ்டன் அண்ட் கோ என்ற ஒப்பந்த நிறுவனம், நகர மேயர் ஸ்வெட்டருக்குச் சொந்தமான 'குகை' என்ற பழைய மாளிகையைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்திருக்கிறது. சுவரைச் சுரண்டுதல், பட்டி போடுதல், உப்புத்தாள் தேய்த்தல், வண்ணமடித்தல், காகிதம் ஒட்டுதல் என்று ஆட்கள் அறை அறையாக வேலை செய்கிறார்கள். ஹன்டர் என்ற மேற்பார்வையாளர் சத்தமில்லாமல் மாடிப்படி ஏறி வந்து, எவன் கை ஓய்ந்திருக்கிறது என்று கதவிடுக்கில் பார்க்கிறார். கிராஸ் என்ற மேஸ்திரி மேலே குழைந்து கீழே அதட்டுகிறார். வேலையை முடிந்தவரை சீக்கிரம், முடிந்தவரை மட்டமாக முடிக்க வேண்டும் என்பதே கட்டளை. மூன்று பூச்சுக்குக் காசு வாங்கிக்கொண்டு குறைவாகப் பூசுவதும், தேய்க்க வேண்டிய மரத்தைத் தேய்க்காமலே மூடுவதும் ஒழுங்காக வேலை தெரிந்தவனுக்கு எவ்வளவு வதை என்று இந்நாவல் காட்டும் அளவுக்கு வேறு நாவல்கள் காட்டியது அரிது. வறுமையை எழுதிய பலர் தொழிலாளியின் வீட்டைப் பார்த்து எழுதினார்கள். ட்ரெஸ்ஸல் அவன் வேலை செய்யும் அறைக்குள் நின்று எழுதினார். பிரஷ் பிடித்த கை எழுதிய நாவல் என்பது அதன் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

கதையின் மையம் ஃபிராங்க் ஓவன். முப்பதைத் தாண்டிய வயது, நுரையீரல் நோய், மனைவி நோரா, சிறுவனான மகன் ஃபிராங்கி. உடன் வேலை செய்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் வறுமையின் காரணத்தை விளக்க முயல்கிறான். மக்கள்தொகை பெருகியதால் வறுமை, இயந்திரம் வந்ததால் வறுமை, குடியால் வறுமை, சோம்பலால் வறுமை, வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிவதால் வறுமை என்று செய்தித்தாளில் படித்ததை அவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். 'நம்ம மாதிரி ஆளுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு' என்கிறார்கள். ஓவனுக்குக் கோபம் வருகிறது. அவர்கள்மீது பரிவும் எரிச்சலும் மாறி மாறி வருகின்றன. இந்த எரிச்சலை நாவல் மறைக்கவில்லை. சில இடங்களில் அது வாசகருக்கே உறுத்தும் அளவுக்குப் போகிறது. கூட வேலை செய்பவர்களை அறிவிலிகள் என்று ஓவன் எண்ணும் பக்கங்களில் ஆசிரியரின் களைப்பும் கலந்திருக்கிறது. அந்தப் பக்கங்கள் நாவலின் நேர்மையைக் கூட்டுகின்றன, அழகைக் குறைக்கின்றன.

அன்றைய கூலியை அறிந்தால்தான் இந்தச் சாப்பாட்டு நேரப் பேச்சின் அவசரம் புரியும். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. நாவலில் கைதேர்ந்த பெயிண்டருக்கு மணிக்கு 7 பென்ஸ். எடுபிடி ஆட்களுக்கு 5 பென்ஸ் அல்லது அதற்கும் குறைவு. கோடையில் வாரம் 56 மணி நேரம் வேலை கிடைத்தால் பெயிண்டருக்கு 32 ஷில்லிங் 8 பென்ஸ் வரும். குளிர்காலத்தில் பகல் சுருங்கி 40 மணி நேரமானால் 23 ஷில்லிங் 4 பென்ஸ். அதே 40 மணி நேரத்துக்கு எடுபிடி ஆளின் கூலி 16 ஷில்லிங் 8 பென்ஸ். சீபோம் ரௌன்ட்ரீ என்ற ஆய்வாளர் யார்க் நகரத்தை வீடு வீடாக ஆராய்ந்து 1901இல் வெளியிட்ட நூலில், பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் கொண்ட குடும்பம் உடலில் உயிர் தங்க வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கில் ரயில் பயணம் கிடையாது, செய்தித்தாள் கிடையாது, உறவினருக்குக் கடிதம் போடத் தபால்தலை கிடையாது, புகையிலை கிடையாது. அதாவது ஓவனைப் போன்ற தேர்ந்த வேலைக்காரன்கூடக் குளிர்காலத்தில் அந்த வறுமைக் கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கிறான், அதுவும் வேலை இருக்கும் வாரங்களில். மழை பெய்தால் வெளிவேலை இல்லை. கட்டடம் முடிந்தால் ஆட்கள் நிறுத்தப்படுவார்கள். அடுத்த ஒப்பந்தம் வரும்வரை அடகுக் கடையும் மளிகைக் கடைக் கடனும்தான்.

வயதானவரின் நிலை இன்னும் மோசம். ஜாக் லிண்டன் என்ற 67 வயதுப் பெயிண்டர் வேலை நேரத்தில் சுங்கான் புகைத்ததற்காக அந்த இடத்திலேயே நீக்கப்படுகிறார். 7 பென்ஸுக்கு வேலை செய்த கிழவரை அனுப்பினால், அதைவிடக் குறைவாக வேலைக்கு வரத் தயாராக வாசலில் வேறொருவன் நிற்கிறான். அதுதான் உண்மைக் காரணம். லிண்டனின் மகன் தென்னாப்பிரிக்கப் போரில் செத்துப்போனவன். மருமகளும் பேரப்பிள்ளைகளும் அவர் கையை நம்பியிருக்கிறார்கள். குடியிருக்கும் வீடு மேயர் ஸ்வெட்டருடையது. வாடகை பாக்கி விழுகிறது, தட்டுமுட்டுச் சாமான் போகிறது, கடைசியில் கிழவரும் மனைவியும் ஏழைகள் விடுதிக்குள் போகிறார்கள். பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியம் 1909 ஜனவரியில்தான் தொடங்கியது. 70 வயது நிறைந்தவருக்கு வாரம் அதிகபட்சம் 5 ஷில்லிங். நாவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் அது வந்தது. வந்த பிறகும் 67 வயது லிண்டன்களுக்கு அது எட்டவில்லை.

நாவலிலேயே அதிகம் பேசப்பட்ட இடம் 21ஆம் அத்தியாயம். வறுமைக்குக் காரணம் பணம்தான் என்று ஓவன் சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். ஓவன் சாப்பாட்டில் மிஞ்சிய ரொட்டியைத் திரட்டச் சொல்கிறான். ரொட்டித் துண்டுகள் மூலப்பொருள். மூன்று பேனாக்கத்திகள் இயந்திரங்கள். மூன்று அரைப் பென்னிக் காசுகள், ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு. இவை மூன்றும் ஓவனுக்குச் சொந்தம்; அவன் முதலாளி. ஈஸ்டன், ஹார்லோ, ஃபில்பாட் மூவரும் தொழிலாளர்கள். ஆளுக்கு மூன்று சதுரத் துண்டு வெட்ட வேண்டும், வாரக் கூலி ஒரு பவுண்டு. ஒன்பது துண்டுகளும் முதலாளியிடம் போகின்றன, மூன்று காசுகளும் தொழிலாளர் கைக்கு வருகின்றன. வாழ்வதற்குத் தேவையான பொருள் அந்தத் துண்டுதான். ஒரு துண்டின் விலை ஒரு பவுண்டு. பசிக்கு அதை வாங்கியே ஆக வேண்டும். மூவரும் வாங்கித் தின்கிறார்கள், காசு மூன்றும் முதலாளியிடம் திரும்பிவிடுகிறது. முதலாளி தன் பங்குக்கு இரண்டு துண்டு தின்கிறான். கணக்குப் பார்த்தால் அவனிடம் தொடக்கத்தில் இருந்த மூன்று பவுண்டு அப்படியே இருக்கிறது, கூடவே நான்கு துண்டு. தொழிலாளர்களிடம் கையைத் தவிர ஒன்றுமில்லை. மறு வாரமும் அதே. பல வாரம் போன பின், துண்டுகள் குவிந்துவிட்டன, இனி வேலை இல்லை என்று முதலாளி கத்திகளை எடுத்து வைத்துக்கொள்கிறான். குவியலுக்கு முன்னால் மூவரும் பட்டினி கிடக்கிறார்கள்.

பொருளாதார நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் உபரி மதிப்பை ட்ரெஸ்ஸல் ஒரு சாப்பாட்டு இடைவேளைக்குள், வேலையிடத்தில் கிடைத்த பொருள்களைக் கொண்டே காட்டிவிட்டார். கட்டடத் தொழிலாளர்களும் தொழிற்சங்கத்தினரும் இந்த அத்தியாயத்தைத் தம் கூட்டங்களில் நடித்துக் காட்டியதற்கு அதுவே காரணம். வாசகர் வட்டத்தில் இந்தப் பகுதியைப் படிப்பதைவிட ஒரு ரொட்டியும் மூன்று நாணயமும் வைத்துச் செய்து பார்ப்பது மேல். அந்த ஆட்டத்தின் எல்லையும் அப்போது தெரியும்: வங்கிக் கடன், வாடகை, போட்டி, அரசு எதுவும் அதில் இல்லை. ஆனாலும் ஈஸ்டனும் ஹார்லோவும் ஃபில்பாட்டும் தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அந்தத் தருணத்துக்கு ஈடாக ஆங்கிலத் தொழிலாளர் இலக்கியத்தில் அதிகம் இல்லை.

இன்னொரு பகுதியும் அதே அளவு கவனத்துக்கு உரியது, பேசப்படுவதோ குறைவு. மாளிகையின் வரவேற்பறையை மூர் பாணியில் அலங்கரிக்கும் வேலை ஓவனுக்குக் கிடைக்கிறது. வீட்டில் இரவில் கூலியில்லாமல் உட்கார்ந்து வடிவம் வரைகிறான். சுவரில் தங்கமும் வண்ணமும் ஏறும் நாட்களில் அவன் பசியையும் நோயையும் மறக்கிறான். முதலாளிக்கு லாபம் போகிறது என்று தெரிந்தே அந்த வேலையை நேசிக்கிறான். நல்ல வேலை செய்யும் ஆசைகூடச் சுரண்டலுக்குத் தீனியாகிறது என்பதை ட்ரெஸ்ஸல் வசைபாடாமல், அந்த ஆசையைக் கொச்சைப்படுத்தாமல் எழுதியிருக்கிறார். அவர் அதைத் தம் வாழ்க்கையிலிருந்தே எடுத்தார். ஹேஸ்டிங்ஸின் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் நூனன் தீட்டிய சுவரோவியம் இருந்தது. 1970இல் தேவாலயம் இடிக்கப்பட்டபோது அதில் ஒரு பகுதி மட்டும் மீட்கப்பட்டு, இன்று அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நகராட்சி மன்றத்தின் கொள்ளை, மின்விளக்கு நிறுவன ஊழல், தர்ம சங்கங்களின் பழைய பூட்ஸ் விநியோகம், ஆண்டுக்கொருமுறை குதிரை வண்டி கட்டிக்கொண்டு போகும் உல்லாசப் பயணம் ஆகியவை நாவலில் விரிவாக வருகின்றன. நகைச்சுவை கூர்மையாக இருந்தாலும் இவற்றில் சில இடங்கள் நீளம்தான். ஆனால் பெர்ட் வைட் என்ற சிறுவன் வரும் பக்கங்களைத் தாண்டிப் போக முடியாது. விதவைத் தாய் தொழில் கற்கச் சேர்த்துவிட்ட பையன். வண்ண டப்பாக்களையும் ஏணிகளையும் ஏற்றிய கைவண்டியைத் தெருத்தெருவாகத் தள்ளுகிறான். கடுங்குளிரில் கணப்பு இல்லாத வண்ணக் கிடங்கில் அவன் நடுங்கிக்கொண்டு டப்பா சுரண்டுவதைக் கண்ட ஓவன், நேரே ரஷ்டனின் அறைக்குள் புகுந்து மிரட்டுகிறான். தன் கூலிக்காக ஒரு நாளும் குரல் உயர்த்தாதவன் பையனுக்காக வேலையையே பணயம் வைக்கிறான்.

46ஆம் அத்தியாயத்தில் ஜோ ஃபில்பாட் சாகிறான். 'அறுபத்தைந்து' என்று ஆட்கள் அழைக்கும் மிக நீள ஏணியை நிமிர்த்த வேண்டும். கயிறு நைந்துபோயிருக்கிறது. அது தெரிந்தும் புதுக் கயிறு வாங்கப்படவில்லை. கயிறு அறுந்து ஏணி அவன்மேல் விழுகிறது. ரஷ்டன் நிறுவனம் ஈமச் சடங்கு வேலையும் எடுக்கும். அடுத்த அத்தியாயத்தில் ஃபில்பாட்டின் உடலை அடக்கம் செய்யும் ஒப்பந்தத்துக்காக இரண்டு நிறுவனங்கள் சவக்கிடங்கு வரை போட்டி போடுகின்றன. உயிரோடிருந்தபோது லாபம் கொடுத்தவன் செத்த பின்னும் கொடுக்கிறான். பேனாக்கத்தி ஆட்டத்தில் உட்கார்ந்து சிரித்த மூவரில் ஒருவன் அவன் என்பதை முழுப் பதிப்பைத் தொடர்ந்து படித்து வந்தவர் மறக்கமாட்டார்.

தந்தை இறந்த பின் கேத்லீன் லண்டனில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த வீட்டாரின் அறிமுகத்தில் ஜெஸ்ஸி போப் என்ற பத்திரிகை எழுத்தாளரின் பார்வைக்குக் கையெழுத்துப் பிரதி போனது. போப் அதைக் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பதிப்பாளரிடம் கொண்டுசேர்த்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' கதைகளை அதே 1914இல் வெளியிட்டவர் இவர்தான். நாவலின் எல்லா உரிமைகளுக்கும் கேத்லீனுக்குக் கிடைத்தது 25 பவுண்டு. பல நாடுகளில் அச்சாகிப் பல்லாயிரம் பேர் கைக்குப் போன நூலுக்கு, அதை நெருப்பிலிருந்து காத்தவர் பெற்றது அவ்வளவுதான். இது அநியாயம் என்று சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்ல இயலாது.

வெட்டும் வேலை போப்புக்குத் தரப்பட்டது. முதல் உலகப் போர் தொடங்கியதும் இளைஞர்களைப் படையில் சேரச் சொல்லும் பாட்டுகள் எழுதிப் புகழ்பெற்றவர் அவர். போரின் கொடுமையைப் பாடிய வில்ஃப்ரெட் ஓவன் தம் புகழ்பெற்ற கவிதை ஒன்றின் வரைவில் அவர் பெயரைக் குறித்து முகவரியிட்டார். அப்படிப்பட்டவரின் கையில் ஒரு சோசலிச நாவல் என்ன ஆகும்? சோசலிச விவாதங்களில் பெரும்பகுதி போனது. அத்தியாயங்கள் இடம் மாறின. எல்லாவற்றிலும் கனமான மாற்றம் முடிவில் நிகழ்ந்தது. நோயும் கடனும் நெருக்க, மனைவியையும் மகனையும் இந்த உலகில் தனியே விட்டுப்போவதைவிட அவர்களையும் கூட்டிக்கொண்டு சாவது மேலோ என்று ஓவன் எண்ணும் ஒரு பகுதி, கையெழுத்துப் பிரதியில் நடுவில் வருவது. போப் அதைக் கடைசிப் பக்கமாக்கினார். நாவல் 1914 ஏப்ரல் 23 அன்று அந்த முகத்தோடு வெளிவந்தது.

நூனன் எழுதிய முடிவில் பேரிங்டன் என்பவனுக்குப் பெரிய பங்கு உண்டு. வசதியான குடும்பத்தில் பிறந்து, உழைப்பவர் வாழ்க்கையை அறிவதற்காகவே கூலியாளாக வந்து சேர்ந்தவன். 45ஆம் அத்தியாயத்தில், உல்லாசப் பயணத்துக்குப் பிந்தைய ஒரு சாப்பாட்டு நேரத்தில், கூட்டுறவுச் சமுதாயம் எப்படி இயங்கும் என்று நீண்ட உரை ஆற்றுகிறான். இறுதியில் ஓவனின் குடும்பத்துக்குப் பணம் வைத்துவிட்டு, வசந்தத்தில் பிரசார வண்டியோடு திரும்பி வருவதாகச் சொல்லிப் போகிறான். ஓவனுக்கு இருமலில் ரத்தம் வருவது நின்றுவிடவில்லை. ஆனால் கடைசிப் பத்தி வருங்காலத்தை நோக்கி எழுதப்பட்டது. பணக்கார இளைஞனின் கொடையால் கதை முடிவது நாவலின் வாதத்துக்கே பொருந்தவில்லை என்ற குறை நியாயமானது. அந்தக் குறையை வாசகர் தாமே கண்டு சொல்ல வேண்டும். பதிப்பாசிரியர் ஒருவர் கத்தரித்து மறைத்துவிட்டால் அந்த வாதமே நடக்க முடியாது.

1918இன் ஒரு ஷில்லிங் பதிப்பு இன்னும் சுருங்கியது. தொழிலாளி வாங்கக்கூடிய விலையில் வந்ததால் வேகமாகப் பரவியதும் அதுவே. 1920இல் சோவியத் ரஷ்யாவிலும் 1925இல் ஜெர்மனியிலும் மொழிபெயர்ப்புகள் வந்தன. 1940இல் பெங்குயின் மலிவுப் பதிப்பு வந்தது. அதுவும் சுருக்கப் பாடம்தான். போர்க்காலப் படைவீரர்களிடையே அந்தப் பிரதிகள் கை மாறின. பின்னாளில் நாவலாசிரியரான ஆலன் சில்லிட்டோ, மலாயாவில் விமானப்படைப் பணியில் இருந்த இளவயதில், கிளாஸ்கோவைச் சேர்ந்த வயர்லெஸ் ஆபரேட்டர் ஒருவரிடமிருந்து அதைப் பெற்றார். 1945 தேர்தலில் தொழிற்கட்சியை வெல்லவைத்த புத்தகம் இது என்று சொல்லித்தான் கொடுத்தார் அந்த நண்பர். ஒரு நாவல் தேர்தலை வென்றது என்பதை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. கை மாறிக் கை மாறி அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு அது சாட்சி. கடையில் புதிதாக வாங்கியவரைவிட இரவல் வாங்கிப் படித்தவர் அதிகம் என்று துணிந்து சொல்லக்கூடிய நாவல்களில் இது முதல் வரிசையில் நிற்கும்.

முழுப் பாடத்தை மீட்டவர் ஃபிரெட் பால், ஹேஸ்டிங்ஸ்காரர். ட்ரெஸ்ஸல் யார் என்பதே மறந்துபோயிருந்த காலத்தில், கூட வேலை செய்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசித் தகவல் திரட்டினார். 1946இல் கையெழுத்துப் பிரதி இருக்குமிடம் அறிந்து, நண்பர்களோடு சேர்ந்து அதை விலைக்கு வாங்கினார். போப் வெட்டியதையும் மாற்றி அடுக்கியதையும் பழையபடி ஒழுங்குபடுத்தினார். 1951இல் ட்ரெஸ்ஸலின் முதல் வாழ்க்கை வரலாறு அவர் எழுதி வந்தது. 1955இல் லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பதிப்பகம் முழு நாவலை வெளியிட்டது. இறந்துவிட்டதாக எல்லோரும் எண்ணியிருந்த கேத்லீன் 1960களின் இறுதியில் உயிரோடு வெளிப்பட்டு ஃபிரெட் பாலுடன் தொடர்பு கொண்டார். அதன் பயனாகத் திருத்தி விரிவாக்கிய இரண்டாவது வாழ்க்கை வரலாறு 1973இல் வந்தது.

ஆகவே பழைய புத்தகக் குவியலில் இந்நாவலைக் காணும் வாசகர் முதலில் பார்க்க வேண்டியது பதிப்பாண்டை. 1955க்கு முந்திய எந்தப் பிரதியும் சுருக்கம்தான். ஆண்டு உள்ள தாள் கிழிந்துபோயிருந்தால் ஆசிரியர் பெயரின் எழுத்தைப் பார்க்கலாம். பழைய சுருக்கப் பதிப்புகளில் பெயர் 'ட்ரெஸ்ஸால்' என்று, கடைசி உயிரெழுத்து ஆங்கில 'a' ஆக, அச்சாகியிருக்கும். முழுப் பதிப்புகள் கையெழுத்துப் பிரதியில் உள்ளபடி அதை 'e' ஆகத் திருத்தின. அட்டையே போயிருந்தால் அத்தியாயங்களை எண்ணலாம்: முழு நாவலில் 54. கனமும் காட்டிக்கொடுக்கும், முழுப் பதிப்பு பொடி எழுத்தில் அச்சிட்டாலும் 600 பக்கத்தை ஒட்டி வரும். இவை எதற்கும் வழியில்லை என்றால் கடைசிப் பக்கத்தைப் படித்துவிடுவதே வழி. ஓவனின் சாவெண்ணத்தில் முடிந்தால் அது போப்பின் பாடம். 1965இன் பான்தர் பதிப்பு சில்லிட்டோவின் முன்னுரையோடு வந்த முழுப் பாடம். மலிவான பழைய பிரதிகளில் தேட ஏற்றது.

சுருக்கப் பிரதி கிடைத்தால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. நாற்பது ஆண்டுக் காலம் தொழிலாளர்களும் படைவீரர்களும் படித்துக் கலங்கியது அந்தப் பாடத்தைத்தான். சில்லிட்டோ முதலில் படித்ததும் அதுவே. 1940இன் பெங்குயின் பிரதி ஒன்று கிட்டினால் அது போர்க்கால வாசிப்பின் ஆவணம். அதை நாவலின் இறுதி வடிவமாகக் கொள்வது மட்டுமே தவறு. வாசகர் வட்டத்தில் இந்நாவலை எடுக்கும்போது ஒவ்வொருவர் கையிலும் எந்தப் பாடம் இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பிரதி வைத்திருப்பவரும் முழுப் பிரதி வைத்திருப்பவரும் இரு முடிவுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், வறுமையைப் பரிதாபக் கதையாகப் படிப்பதற்கும் காரணமுள்ள அமைப்பாகப் படிப்பதற்கும் உள்ள தூரம் கண்முன் தெரியும்.

நூனனின் கையெழுத்துப் பிரதி பின்னர் பிரிட்டனின் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு வழங்கப்பட்டது. இன்று லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்திலுள்ள அதன் நூலகத் தொகுப்பில் இருக்கிறது. பக்கங்கள் படமெடுக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டிருப்பதால், எந்தப் பகுதி எங்கே இருந்தது என்பதைச் சரிபார்க்க விரும்பும் வட்டங்கள் அதை நேரடியாக ஒப்பிட்டுக்கொள்ளலாம்.